சார்ஜர் குத்தியிருக்கு... ஆனாலும் பேட்டரி இறங்குதே, ஏன்? அடிவாரம் முதல் ஏற்காடு வரை ஒரு ‘வாட்’ கணக்கு

சார்ஜர் செருகியிருக்கிறது. திரையின் ஓரத்தில் பிளக் அடையாளமும் தெரிகிறது. ஆனால், கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டபோது 100 சதவீதம் இருந்த பேட்டரி, ஒரு மணி நேரத்தில் 70-க்கு வந்து நிற்கிறது. வீடியோ எடிட்டிங், 3டி டிசைன், கேமிங், பெரிய சாஃப்ட்வேர் புராஜெக்ட் என்று லேப்டாப்பைப் பிழிந்து வேலை வாங்குகிற பலரும் இதைப் பார்த்திருப்பார்கள்.

முதல் சந்தேகம் பேட்டரி மேல் விழும். அடுத்தது வீட்டு கரன்ட் மேல். “பேட்டரி போச்சு, மாத்திடுங்க” என்று யாராவது சொல்லிவிட்டால் சில ஆயிரம் ரூபாய் செலவு. மாற்றிய பிறகும் அதே கதை தொடர்ந்தால், அந்தப் பணம் போனது போனதுதான்.

பல நேரங்களில் இதில் பேட்டரி மேலும் தப்பில்லை, மின்வாரியத்தின் மேலும் தப்பில்லை. லேப்டாப் கேட்கும் மின்சாரம் அதிகம், அடாப்டர் கொடுக்கக்கூடியது குறைவு. நடுவில் விழுகிற துண்டைப் பேட்டரி தன் கையிருப்பிலிருந்து போட்டு ஈடுகட்டுகிறது. விஷயம் இவ்வளவுதான். ஆனால், இந்த எளிய கணக்கு தெரியாததால் தப்பான சார்ஜர், தப்பான கேபிள், தேவையில்லாத பேட்டரி என்று பணம் வீணாகிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

தமிழ்நாட்டில் லேப்டாப் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை ஒரு பெரிய தாவலில் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் வழங்கும் திட்டத்துக்கு, 2025-26 மாநில பட்ஜெட்டில் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2026 ஜனவரியில் விநியோகம் தொடங்கியது. முதல் லேப்டாப்பே இதுதான் என்கிற வீடுகள் இதில் ஏராளம்.

இன்னொரு பக்கம், வேலை செய்யும் இடமும் மாறிவிட்டது. சேலத்தில் இருந்து ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் அடிவாரத்தையே எடுத்துக்கொள்வோம். கீழே கோடை வந்தால் வெயில் 40 டிகிரியைத் தொடும் சமவெளி. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் குளிரான ஏற்காடு. வார இறுதியில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலே போய், காட்டேஜில் உட்கார்ந்தபடியே வேலையை முடித்துவிட்டு வருகிறவர்கள் இன்று சகஜம். பையில் எடை குறையட்டும் என்று பெரிய அடாப்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு, போன் சார்ஜரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. சிக்கல் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

மலையேறும் ஹைப்ரிட் கார் மாதிரி

லேப்டாப் உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள, அடிவாரத்தில் இருந்து ஏற்காடு ஏறும் ஒரு ஹைப்ரிட் காரை நினைத்துப் பாருங்கள். அதில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உண்டு. சமவெளியில் எஞ்சினே போதும், மிச்சம் இருக்கிற சக்தியில் பேட்டரியும் நிரம்பும். செங்குத்தான வளைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சினோடு மோட்டாரும் சேர்ந்து தள்ளும். அப்போது பேட்டரி இறங்கும். ஏற்றம் முடிந்ததும் மறுபடி ஏறிக்கொள்ளும்.

இன்றைய லேப்டாப்பும் ஏறக்குறைய இப்படித்தான். அடாப்டர்தான் எஞ்சின். லேப்டாப் உள்ளே, அடாப்டருக்கும் பேட்டரிக்கும் பிராசஸருக்கும் நடுவில் ஒரு கட்டுப்பாட்டு சிப் உட்கார்ந்திருக்கிறது. சாதாரண வேலையில் அது அடாப்டர் மின்சாரத்தை லேப்டாப்புக்குக் கொடுத்து, மீதியைப் பேட்டரிக்கு அனுப்பும். வேலை கூடி, அடாப்டரின் எல்லையைத் தாண்டித் தேவை போனால், பேட்டரிக்குப் போகும் சார்ஜை நிறுத்திவிட்டு, குறைகிற மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்தே எடுக்கத் தொடங்கும்.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? எல்லைக்கு மேல் இழுத்தால் அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும், அல்லது லேப்டாப் வேகத்தைச் சட்டென்று குறைத்துவிடும். அதனால் பேட்டரியைத் துணைக்கு இழுப்பது பழுது கிடையாது. திட்டமிட்டே வைத்த வழி.

ஓரிரு நிமிட ஏற்றத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஒரு ஆப் திறப்பது, ஒரு பெரிய ஃபைலை எக்ஸ்போர்ட் செய்வது போன்ற வேலைகளில் பேட்டரி ஒரு சதவீதம் இறங்கி மீண்டும் ஏறிவிடும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். ஆனால், மூன்று மணி நேர ரெண்டர் என்பது முடிவே இல்லாத மலைப்பாதை. இறக்கமே வராது. பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு இழுக்கும்? எவ்வளவு கிடைக்கும்?

மின்சாரத்தை ‘வாட்’ கணக்கில் பார்த்தால் எல்லாம் தெளிவாகிவிடும். பிராசஸர் விளம்பரங்களில் வரும் எண் பெரும்பாலும் அடிப்படை அளவு. உதாரணமாக, இன்டெல்லின் கோர் ஐ7-12700எச் பிராசஸரின் அடிப்படை அளவு 45 வாட். முழு வேகத்தில் அதன் உச்ச அளவு 115 வாட். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கிராபிக்ஸ் சிப்போ 35 முதல் 115 வாட் வரை இழுக்கும்படி அமைக்கப்படுகிறது. எந்த அளவில் வைப்பது என்பதை லேப்டாப் தயாரிக்கும் நிறுவனம்தான் முடிவு செய்கிறது. ஒரே சிப் உள்ள இரண்டு லேப்டாப்கள் வேறு வேறு அளவு கரன்ட் குடிக்கும்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. 150 வாட் அடாப்டரோடு வந்த ஒரு கேமிங் லேப்டாப். நீண்ட ரெண்டரில் பிராசஸர் 55 வாட், கிராபிக்ஸ் சிப் 95 வாட், திரை, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்ந்து 25 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 175 வாட். அடாப்டர் தருவது 150. துண்டு விழுவது 25 வாட். பேட்டரியின் கொள்ளளவு 60 வாட் அவர் என்றால், ஒரு மணி நேரத்தில் 25 வாட் அவர் காலி. அதாவது 40 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேலே இறங்கிவிடும்.

தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத மெல்லிய லேப்டாப்பிலும் இது நடக்கலாம். 65 வாட் சார்ஜர் இருக்கிறது. பிராசஸர் 45, திரையும் மற்றவையும் 15. அதுவரை சரி. கூடவே லேப்டாப்பின் யூஎஸ்பி வழியாக போன் சார்ஜ் ஆவதற்கு 10, வெளியே மாட்டிய எஸ்எஸ்டிக்கு 5. மொத்தம் 75 வாட். பத்து வாட் பற்றாக்குறை. இதே லேப்டாப்பை 30 வாட் போன் சார்ஜரில் மாட்டினால்? பற்றாக்குறை 45 வாட். 50 வாட் அவர் பேட்டரி ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டி நிற்கும், அவ்வளவுதான். “சார்ஜ் ஆகுதுன்னு காட்டுச்சே” என்று பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

மைக்ரோசாஃப்ட் லேப்டாப்பிலேயே நடந்தது

இது மலிவான லேப்டாப்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2017 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் விலை உயர்ந்த சர்ஃபேஸ் புக் 2 வெளிவந்தபோது, அதன் 15 அங்குல மாடலில் கேம் ஆடிய விமர்சகர்கள் சார்ஜர் செருகியிருக்கும்போதே பேட்டரி இறங்குவதைக் கவனித்தார்கள். அதனுடன் வந்த அடாப்டர் 102 வாட். அதிலும் 7 வாட், அடாப்டரிலேயே இருந்த யூஎஸ்பி போர்ட்டுக்கானது. லேப்டாப்புக்கு மிஞ்சியது 95 வாட். உள்ளே இருந்ததோ கேமிங் தரத்திலான ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் சிப்.

மைக்ரோசாஃப்ட் இதை மறுக்கவில்லை. பவர் மோடை உச்ச வேகத்தில் வைத்து, கடுமையான கேம்களை நீண்ட நேரம் ஆடினால் சார்ஜரில் இருக்கும்போதும் பேட்டரி இறங்கலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால், பேட்டரி முற்றிலும் காலியாகாதபடி லேப்டாப் தன்னைத்தானே சமாளித்துக்கொள்ளும் என்றும் சொன்னது. 2020-ல் வந்த சர்ஃபேஸ் புக் 3-ன் 15 அங்குல மாடலுடன் 127 வாட் அடாப்டர் கொடுக்கப்பட்டது.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிறுவனத்தின் பார்வையில் அது கோளாறு கிடையாது, வடிவமைப்பில் எடுத்த ஒரு முடிவு. சிறிய அடாப்டர் என்றால் எடை குறைவு, செலவும் குறைவு. பெரும்பாலானோர் நாள் முழுக்க உச்ச வேகத்தில் ஓட்ட மாட்டார்கள் என்ற கணிப்பு. அந்தக் கணிப்புக்குள் நீங்கள் வராவிட்டால், வித்தியாசத்துக்கான விலையை உங்கள் பேட்டரி கொடுக்கும். வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா என்பதுதான் வாடிக்கையாளரின் நியாயமான கேள்வி.

கேபிளும் காலை வாரும்

டைப் சி வந்த பிறகு “எல்லா சார்ஜரும் எல்லாத்துக்கும் சேரும்” என்ற எண்ணம் பரவியிருக்கிறது. செருகுவதற்குச் சேரும். வாட் சேருமா என்பது வேறு கேள்வி.

டைப் சி சார்ஜரும் லேப்டாப்பும் முதலில் ஒன்றோடொன்று ‘பேசி’, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று முடிவு செய்துகொள்கின்றன. இந்த முறைக்கு யூஎஸ்பி பவர் டெலிவரி என்று பெயர். இதில் நீண்ட காலம் உச்ச அளவு 100 வாட்டாக இருந்தது. 2021-ல் வந்த புதிய விதிமுறையில் 240 வாட் வரை உயர்ந்தது. ஆனால் சாதாரண டைப் சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் போக, உள்ளே அடையாளச் சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். 100 வாட் சார்ஜர் வாங்கிவிட்டு, போனுடன் வந்த கேபிளில் மாட்டினால் கிடைப்பது 60 வாட்தான். சார்ஜர் மேல் குறை சொல்ல முடியாது.

கேமிங் லேப்டாப்களில் இன்னொரு நுணுக்கம். பல மாடல்களில் டைப் சி வழியாகவும் சார்ஜ் ஏறும். ஆனால், முழு வேகத்துக்குத் தேவையான மின்சாரம் அதனுடன் வந்த தடிமனான உருளை முனை அடாப்டரில்தான் வரும். டைப் சி என்பது அங்கே அவசரத் தேவைக்கு மட்டும்.

அடுத்தது டூப்ளிகேட் அடாப்டர். சில நிறுவனங்களின் லேப்டாப், அடாப்டரின் நடு முனையில் வரும் சிக்னலை வைத்து அது எத்தனை வாட் என்று அடையாளம் கண்டுகொள்கிறது. அடையாளம் தெரியாவிட்டால் சார்ஜ் ஏற்றாது, பிராசஸர் வேகத்தையும் குறைத்துவிடும். அசல் அடாப்டரிலேயே கூட முனை வளைந்தாலோ, ஒயர் உள்ளே அறுந்தாலோ இந்த நிலை வரும்.

அடிவாரத்தின் வெயில், ஏற்காட்டின் குளிர்

வாட் கணக்கு சரியாக இருந்தும் பேட்டரி ஏற மறுக்கிறது என்றால், அடுத்த சந்தேகம் சூடு. லித்தியம் அயன் பேட்டரிகளைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில்தான் சார்ஜ் செய்ய வேண்டும். ஆனால், அதிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கு 60 டிகிரி வரை அனுமதி உண்டு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஒரு விசித்திரமான நிலை இருக்கிறது. பேட்டரி 45 டிகிரியைத் தாண்டிச் சூடாகிவிட்டால், அதில் இருந்து எடுக்கலாம், அதற்குள் போட முடியாது.

சேலம் பக்கம் மே மாதம் அறைக்குள்ளேயே 36, 37 டிகிரி இருக்கும்போது, மெத்தை மேல் வைத்து லேப்டாப்பில் ரெண்டர் ஓட்டினால் என்ன ஆகும்? பிராசஸரின் சூடு பக்கத்தில் உள்ள பேட்டரிக்கும் பரவும். எல்லையைத் தாண்டியதும் கட்டுப்பாட்டு சிப் சார்ஜை நிறுத்திவிடும். வேலைச் சுமை கூடும்போதெல்லாம் பேட்டரி கொஞ்சம் கொடுக்கும், திரும்ப வாங்கிக்கொள்ளாது. சதவீதம் ஒரே திசையில், கீழ்நோக்கி மட்டுமே நகரும்.

அதே லேப்டாப்பை மேலே கொண்டு போனால் நிலைமை மாறும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி மேலே ஏறக்குறைய 8 டிகிரி குறைவு. பேட்டரிக்கு அது பெரிய நிம்மதி. மலை மேல் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு என்பதால், ஃபேன் ஒரு சுற்றுக்கு வெளியேற்றும் சூடும் கொஞ்சம் குறையும். ஆனாலும் குளிரின் லாபம் இந்த நஷ்டத்தைவிட அதிகம்.

ஆக, அடிவாரத்தில் இறங்கிய பேட்டரி ஏற்காட்டில் இறங்கவில்லை என்றால், காரணம் சூடாக இருக்க வாய்ப்பு அதிகம். கீழே ஏறிய பேட்டரி மேலே போனதும் இறங்குகிறது என்றால், நீங்கள் எடுத்துப் போன சார்ஜரை முதலில் பாருங்கள்.

“லோ வோல்டேஜ்தான் காரணம்” என்பது சரியா?

பெரும்பாலும் இல்லை. உங்கள் அடாப்டரைத் திருப்பி ‘இன்புட்’ என்ற வரியைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும். வீட்டில் 230-க்குப் பதில் 180 வோல்ட் வந்தாலும் அடாப்டர் சுவரில் இருந்து கொஞ்சம் கூடுதல் ஆம்பியர் இழுத்து, லேப்டாப்புக்கு அதே வாட்டைக் கொடுத்துவிடும். டியூப் லைட் மினுக்கினாலும் லேப்டாப் அசராமல் இருப்பது இதனால்தான்.

இன்வெர்ட்டரில் ஓட்டும்போது கவனம் தேவை. 150 வாட் அடாப்டர் முழு வேகத்தில் சுவரில் இருந்து சுமார் 170 வாட் இழுக்கும். ஃபேன், லைட், ரூட்டரோடு இதையும் கூட்டிப் பாருங்கள். அதேபோல் சாக்கெட்டில் பிளக் ஆடுகிறதா என்றும் பாருங்கள். பிளக் தளர்ந்து விட்டு விட்டுத் தொடர்பு வந்தால், திரையில் பிளக் அடையாளம் மின்னி மின்னி மறையும்.

மின்தடை விஷயத்தில்தான் உண்மையான ஆபத்து. காற்றும் மழையுமாக இருக்கும் நாளில் மலை மேல் கரன்ட் போனால் லேப்டாப் பேட்டரிதான் ஒரே நம்பிக்கை. சார்ஜரில்தானே இருந்தது, முழுசாக இருக்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் இரண்டு மணி நேரம் கனமான வேலை ஓடியதில் அது ஏற்கெனவே 25 சதவீதத்துக்கு வந்திருக்கும். சேவ் செய்யாத வேலை, டெட்லைன், கிளையன்ட் கால் எல்லாம் அந்த 25 சதவீதத்தில் தொங்கும்.

பேட்டரி கெட்டுப்போகுமா?

பேட்டரியின் ஆயுளைச் ‘சைக்கிள்’ கணக்கில் சொல்வார்கள். மொத்தமாக 100 சதவீதம் செலவானால் ஒரு சைக்கிள். ஒரே நாளில் ஆக வேண்டியதில்லை, 40, 40, 20 என்று மூன்று நாளில் ஆனாலும் ஒன்றுதான். சார்ஜரில் இருக்கும்போதே தினம் 40 சதவீதம் இறங்கி ஏறுகிறது, மாதம் 25 நாள் வேலை என்றால், மாதத்துக்கு 10 சைக்கிள். வருடத்துக்கு 120. சில நூறு சைக்கிள்களுக்குப் பிறகு பேட்டரியின் கொள்ளளவு கண்ணுக்குத் தெரியும்படி குறையத் தொடங்கும் என்பதை வைத்துப் பார்த்தால், இது புறக்கணிக்கக்கூடிய அளவு கிடையாது. அதே நேரம் நாளைக்கே பேட்டரி செத்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம்.

இதைவிட மோசமானது சூடு. சூட்டிலேயே வைத்து, எப்போதும் 100 சதவீதத்தில் நிறுத்தி வைப்பதுதான் பேட்டரியை வேகமாக வயதாக்கும். பேட்டரி உப்பி, டச்பேட் மேலே தள்ளுவது போலத் தெரிந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். குத்துவது, அழுத்துவது எதுவும் கூடாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய 10 நிமிடச் சோதனை

1. முதலில் இறங்குகிறதா, ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். 60 அல்லது 80 சதவீதத்தில் அப்படியே நின்றால், பேட்டரியைக் காக்கும் மோட் ஆன் ஆகியிருக்கலாம். நிறுவனத்தின் ஆப்பிலோ பயாஸிலோ அது இருக்கும். அது பழுது அல்ல.

2. எல்லா ஆப்பையும் மூடிவிட்டு 10 நிமிடம் சும்மா விடுங்கள். பேட்டரி ஏறினால் அடாப்டரும் பேட்டரியும் நலம். கனமான வேலையில் மட்டும் இறங்கினால், அது வாட் பற்றாக்குறை அல்லது சூடு.

3. சும்மா இருக்கும்போதும் ஏறவில்லை, காக்கும் மோடும் ஆனில் இல்லை என்றால் கேபிள், அடாப்டர், போர்ட் என்ற வரிசையில் மாற்றிப் பாருங்கள். பேட்டரியை மாற்றுவது கடைசிப் படி.

4. அடாப்டரின் ‘அவுட்புட்’ வரியில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றால் 65 வாட். 19.5 வோல்ட், 7.7 ஆம்பியர் என்றால் 150 வாட். உங்கள் மாடலுடன் நிறுவனம் கொடுத்த அளவோடு ஒப்பிடுங்கள்.

5. டைப் சி-யில் மாட்டும்போது ‘ஸ்லோ சார்ஜர்’ என்று விண்டோஸ் எச்சரித்தால் அதைத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். அது சொல்வது உண்மை.

சரி, என்ன செய்யலாம்?

பவர் மோடை உச்ச வேகத்தில் இருந்து ‘பேலன்ஸ்ட்’ நிலைக்கு மாற்றுங்கள். ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் அடாப்டரின் எல்லைக்குள் அடங்கிவிட வாய்ப்பு அதிகம். கேம் என்றால் ஃபிரேம் ரேட்டுக்கு ஒரு வரம்பு வைத்தால் கிராபிக்ஸ் சிப் இழுப்பது நன்றாகவே குறையும். கனமான வேலை நடக்கும்போது போனை லேப்டாப்பில் சார்ஜ் போடாதீர்கள், சுவரில் போடுங்கள். மெத்தை, தலையணை வேண்டாம். லேப்டாப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தாலே காற்று போகும்.

கூடுதல் வாட் அடாப்டர் வாங்கலாமா? வாங்கலாம். அடாப்டர் மின்சாரத்தைத் திணிக்காது, லேப்டாப் கேட்பதை மட்டும் கொடுக்கும். இரண்டு நிபந்தனைகள் உண்டு. உருளை முனை அடாப்டர் என்றால் வோல்ட் அளவு அச்சாக ஒத்துப்போக வேண்டும். அடுத்து, லேப்டாப் உள்ளே அதிகபட்சம் இவ்வளவுதான் வாங்குவேன் என்று வரம்பு இருந்தால், எவ்வளவு பெரிய அடாப்டர் மாட்டினாலும் பலன் இல்லை. அதனால் வாங்கும் முன், அந்த மாடலுக்கு நிறுவனமே பெரிய அடாப்டர் விற்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அரசு லேப்டாப் வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட இந்த வகை லேப்டாப்கள் படிப்பு, கோடிங் போன்ற வேலைகளுக்கானவை. பெரிய கிராபிக்ஸ் சிப் இல்லாத லேப்டாப்பில், கூடவே கொடுத்த அடாப்டரே பொதுவாகப் போதும். அப்படியும் செருகிய நிலையில் பேட்டரி இறங்கினால், ஹாஸ்டலில் நண்பரிடம் வாங்கிய போன் சார்ஜரில் ஓட்டுகிறீர்களா, கேபிள் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாரன்டி இருக்கும்போது வெளியே கொடுத்துத் திறக்காதீர்கள்.

அட்டைப் பெட்டியில் இல்லாத எண்

இந்தப் பிரச்சினையின் வேர் ஒரு தகவல் இடைவெளி. ரேம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவு என்று விளம்பரம் பெரிதாகச் சொல்லும். அடாப்டர் எத்தனை வாட் என்பது பொடி எழுத்தில் இருக்கும். முழு வேலையில் லேப்டாப் எத்தனை வாட் இழுக்கும் என்பது பெரும்பாலும் எங்குமே இருக்காது.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் ஒரு படி முன்னே போயிருக்கிறது. போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், லேப்டாப்களுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் டைப் சி சார்ஜிங் அங்கே கட்டாயம். குறைந்தபட்சம் எத்தனை வாட், அதிகபட்சம் எத்தனை வாட் சார்ஜர் வேண்டும் என்று பெட்டியில் படம் போட்டுக் காட்டவும் வேண்டும். நல்ல விஷயம். ஆனால், அந்த எண்களும் சார்ஜ் ஏறுவதற்கானவை. மூன்று மணி நேர ரெண்டரில் பேட்டரி தாக்குப்பிடிக்குமா என்ற கேள்விக்கு அதிலும் பதில் இல்லை. உச்ச வேகத்தை விளம்பரத்தில் விற்கும் நிறுவனம், அந்த வேகம் சார்ஜரில் தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் சொல்ல வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

நம் ஊரிலும் வாடிக்கையாளருக்கு வழி உண்டு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொருளில் குறை, தவறான விளம்பரம் இரண்டுக்கும் புகார் செய்யலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். பதில் திருப்தி இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். பில், அடாப்டர் லேபிளின் போட்டோ, எந்த வேலையில் எத்தனை நிமிடத்தில் எத்தனை சதவீதம் இறங்கியது என்பதற்கான ஸ்கிரீன்ஷாட் எல்லாம் கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

அடுத்த முறை லேப்டாப் வாங்கப் போகும்போது ரேமோடு சேர்த்து மூன்று எண்களைக் கேளுங்கள். கூட வரும் அடாப்டர் எத்தனை வாட்? கிராபிக்ஸ் சிப் எத்தனை வாட்டில் அமைக்கப்பட்டிருக்கிறது? பேட்டரி எத்தனை வாட் அவர்? கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால், பெட்டியைத் திறந்து அடாப்டரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பொடி எழுத்தைப் படிக்க ஒரு நிமிடம் போதும்.